பெரியவருக்குப் பதிலா மஞ்சள் கார்

டயர் கடை
மார்ச் 3, திங்கள்

அன்பு மாப்ளைக்கு மாமா எழுதுறது. இங்க எல்லாரும் சௌக்கியம். உங்கக்கா மூட்டுவலியும் சௌக்கியமா இருக்கு, அவளைத்தான் படுத்துது.

போன் இருக்கும்போது லெட்டர் எதுக்குன்னு நினைப்ப. போன்ல பேசுறதை எவனோ ஒருத்தன் உக்காந்து கேக்குறானாம். முடி வெட்டுறவரு சொன்னாரு. உங்களுக்கு யாரு சொன்னான்னு கேட்டேன், போன்லதான் வந்துச்சுங்கிறாரு. இப்ப அவரையும் நம்புறதில்ல. உனக்கும் மாவு மில்லு ஓடுற சத்தத்துல போன் காதுல ஏறாது. காகிதம்தான் நல்லது.

விஷயம் என்னன்னா, நம்ம பெரியவரை ஒருத்தர் கேக்குறாரு. இந்த லெட்டரை வேற எவனாவது பிரிச்சா, பெரியவர்னா எங்கப்பான்னு நினைச்சுக்கட்டும். உனக்குத் தெரியும், முப்பத்தொரு வருசமா நம்ம வாசல்ல நிக்கிற கருப்புக் காருதான். கேக்குறவரு பல் டாக்டர். பஞ்சர்னு வந்தாரு. அவரு வண்டி மஞ்சள் கலரு, ரெண்டே ரெண்டு சீட்டு, நம்ம முழங்கால் உசரம். பந்தயத்துல ஓடுற ஜாதியாம். நான் குனிஞ்சு டயரைக் கழட்டுறேன், மனுசன் பெரியவர் பக்கத்துலயே நிக்கிறாரு. கதவைத் திறக்குறாரு, மூடுறாரு, அந்தச் சத்தத்தைக் காது வச்சுக் கேக்குறாரு. அப்புறம் சொல்றாரு, "இதை எனக்குக் குடுங்க, என் வண்டியை நீங்க எடுத்துக்கங்க."

"மேல நான் எவ்வளவு தரணும்?"னேன்.

"ஒண்ணும் வேணாம்"னாரு.

அங்கதான் மாப்ளே எனக்குப் பொறி தட்டுச்சு. ஒண்ணும் வேணாம்னு சொன்ன ஆளை நான் இந்த அறுபத்து மூணு வயசுல ரெண்டு பேரைத்தான் பாத்துருக்கேன். ஒண்ணு எங்கம்மா. இன்னொருத்தன், கடைக்கு வந்தவனை டீ சாப்பிடுறியான்னு கேட்டேன், ஒண்ணும் வேணாம்ணேன்னு சொல்லிட்டு என் சைக்கிளை எடுத்துட்டுப் போனவன்.

கேட்டா இடுப்பு வலிங்கிறாரு. தாழ்வான வண்டியில இருந்து எந்திரிக்க முடியலையாம். பழைய வண்டின்னா சின்ன வயசுல இருந்தே உசுராம். உசுரா இருக்குறவரு இத்தனை வருசம் எங்க போயிருந்தாரு?

ஆனா ஒண்ணு, உன்கிட்ட மறைக்கல. ஆசையா இருக்கு. நாப்பது வருசம் அடுத்தவன் வேகமாப் போறதுக்கு டயர் மாட்டி விட்டேன். ஒரு தடவையாவது நான் போகணும். நீ என்ன சொல்ற? உன் வார்த்தைதான் எனக்கு முடிவு.

அன்பு மாமா

*

மாவு மில்
மார்ச் 7

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே அனைவரும் நன்றாக இருக்கிறோம். சின்னவளுக்குப் பல் விழுந்து முளைத்துக்கொண்டிருக்கிறது. பல் டாக்டர் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் அவள் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாள். அவள் செய்ததுதான் சரி.

மாமா, இந்த வண்டி மாற்றும் பேச்சு வேண்டவே வேண்டாம். அந்த மாதிரி வண்டிகளை நான் கார் பட்டறையில் வேலை பார்த்த காலத்தில் பார்த்திருக்கிறேன். பார்க்கத்தான் அழகு. உங்கள் தெருமுனையில் இருக்கிற வேகத்தடையைக்கூட அது தாண்டாது, வயிறு தட்டும். அக்கா அதில் ஏறி உட்கார்ந்தால் இறக்குவதற்கு நாலு பேர் வரவேண்டும்.

அந்த டாக்டர் மேல் உங்களுக்கு வந்த சந்தேகம் நியாயமானது. ஒன்றும் இல்லாமல் ஒருவர் இப்படிக் கேட்க மாட்டார். முக்கியமாக ஒன்று. நான் வரும்வரை பெரியவரின் பானெட்டை அவரைத் திறக்க விடாதீர்கள். அவர் ஆட்களையும் விடாதீர்கள். எதையாவது கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு எப்.சி. வாங்கக்கூட நான்தானே ஒவ்வொரு தடவையும் வந்து கொண்டுபோகிறேன். வேறு கை படக்கூடாத வண்டி அது.

அன்புடன்,
உங்கள் மாப்பிள்ளை

*

டயர் கடை
மார்ச் 12, புதன்

மாப்ளே,

உன் லெட்டரை உங்கக்காவுக்கு வாசிச்சுக் காட்டினேன். அவளை இறக்க நாலு பேர் வேணும்னு எழுதுன இடத்தை மட்டும் விட்டுட்டேன். அவளா வாங்கிப் படிச்சுட்டா. உனக்கு இருக்கு.

நீ சொன்னதுக்கு அப்புறம் நான் சும்மா இருப்பனா? வண்டிக்குள்ள ஏதோ இருக்கு, அது டாக்டருக்குத் தெரிஞ்சிருக்கு, அதான் கேக்குறாருன்னு ஒரு நாள் கடையைச் சாத்திட்டுத் தேடினேன். நமக்கு முன்னாடி அதை வச்சிருந்தவரு ஜட்ஜு. ஜட்ஜுன்னா எவ்வளவோ ரகசியம் இருக்கும். சீட்டை எல்லாம் கழட்டினேன். கதவு அட்டையைப் பிரிச்சேன். கூரைத் துணியை ஒரு ஓரமாக் கிழிச்சுக் கையை விட்டேன். தங்கம் இல்ல, பத்திரம் இல்ல. கிடைச்சது ஒரு குழந்தை காலுறை, மூணு கொண்டை ஊசி, பாதி தின்ன மிட்டாய், அப்புறம் நம்ம பீரோ சாவி.

அந்தச் சாவி தொலைஞ்சு பதினெட்டு வருசம். அதை எடுத்துட்டான்னு சொல்லித்தான் வீட்டு வேலைக்கு வந்த அந்தம்மாவை நான் நிறுத்தினேன். சாவியைக் கையில வச்சுக்கிட்டு உங்கக்கா என்னைப் பாத்தா பாரு.  அன்னிக்குச் சாப்பாட்டுல உப்பு போடல.

சரி, அதை விடு. ஞாயித்துக்கிழமை டாக்டர் வந்தாரு. ஓட்டிப் பாக்கலாம்னாரு. நான் அவரு வண்டியில, அவரு நம்ம வண்டியில. மாப்ளே, அது வண்டியில்ல. தரையில சம்மணம் போட்டு உக்காந்தாப்புல இருக்கு, ஆனா தரை ஓடுது. பாலம் தாண்டி அந்த நேர் ரோட்டுல ஒரு மிதி மிதிச்சேன். முதுகு சீட்டோட ஒட்டிக்கிச்சு. சத்தியமாச் சொல்றேன், சத்தம் போட்டுச் சிரிச்சேன். தனியா, ஒரு பைத்தியம் மாதிரி.

திரும்பி வந்தா பெரியவர் வரல. நாப்பது நிமிசம் கழிச்சுத்தான் டாக்டர் வந்தாரு. வழியில ரயில் கேட்டு போட்டுட்டானாம். அப்படியே வச்சுக்குவோம்.

உங்கக்காகிட்ட எப்படி இருக்கு வண்டின்னேன். "ரெண்டு சீட்டுதானே இருக்கு. நீங்களும் உங்க சந்தேகமும் உக்காந்துட்டா நான் எங்க உக்கார்றது?"ங்கிறா.

அடுத்த வாரம் பழைய கார் சங்கத்துல இருந்து ஒருத்தரைக் கூட்டிட்டு வர்றாராம். இஞ்சின்ல ஒரு நம்பர் அடிச்சிருக்குமாம், அது ஆர்.சி. புக்குல இருக்குற நம்பரோட ஒத்துப் போகணுமாம். அப்பத்தான் அந்த வண்டிக்கு மதிப்பாம். வண்டி பொறந்தப்ப இருந்த இஞ்சினே இருக்கணுமாம். நம்ம வண்டிக்கு அதுல என்ன குறை? உன்னைத் தவிர வேற யாரு கை வச்சா? வரட்டும்னுட்டேன்.

அன்பு மாமா

*

மாவு மில்
மார்ச் 15

அன்புள்ள மாமாவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். அந்தச் சங்கத்து ஆளை வரவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நம்பர் பார்க்கிறேன் என்று சுரண்டுவார்கள், அழித்துவிடுவார்கள். பிறகு நீங்கள்தான் ஆபீசுக்கு அலைய வேண்டும். ஒரு மாதம் பொறுங்கள். மில்லில் கூட்டம் குறைந்ததும் நானே வந்து வண்டியை இங்கே ஓட்டி வந்து எல்லாம் சரிபார்த்துத் தருகிறேன்.

அந்த நாற்பது நிமிடம் எனக்கும் சரியாகப் படவில்லை. வண்டியை மாற்ற வேண்டாம் என்றே சொல்லிவிடுங்கள் மாமா. எனக்காக.

மாப்பிள்ளை

*

டயர் கடை
மார்ச் 20, வியாழன்

மாப்ளே,

நீ சொன்னது அப்படியே நடந்துபோச்சு. நாப்பது நிமிசம் சரியாப் படலைன்னு எழுதுனியே, உன் வாய்க்குச் சர்க்கரைதான் போடணும். அவசரத்துல எழுதுறேன், எழுத்து கோணலா இருந்தாப் பாத்துப் படி.

சங்கத்துக்காரன் வந்து சுரண்டுறதுக்கு முன்னாடி நாமளே பாத்துக்குவோம்னு நேத்து மத்தியானம் பானெட்டைத் திறந்தேன். நீ திட்டுவ, தெரியும். பழைய பல் பிரஷ், கொஞ்சம் பெட்ரோல். ஓரமாத் தேய்ச்சேன். நம்பர் வந்துச்சு. ஆர்.சி. புக்கைப் பக்கத்துல வச்சேன். ஒரு எழுத்துகூட ஒத்துப் போகல. கண்ணாடியைத் துடைச்சுட்டுப் பாத்தேன். உங்கக்காவைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். ஒத்துப் போகல.

என் இஞ்சினை மாத்திட்டாரு அந்த டாக்டர்! ரயில் கேட்டாம் ரயில் கேட்டு!

நேராப் போனேன் ஆஸ்பத்திரிக்கு. ஒருத்தர் வாயில பஞ்சோட நாற்காலியில படுத்துருக்காரு. வெளிய ஏழெட்டுப் பேரு. "என் இஞ்சினை எங்க வச்சிருக்கீங்க?"ன்னேன். டாக்டர் கையில ஊசியோட நிக்கிறாரு, "என்ன இஞ்சின்?"ங்கிறாரு. "வண்டியில இருந்தது மாப்ளை கை பட்ட இஞ்சின், அதைக் கழட்டிக்கிட்டு எதையோ வச்சு அனுப்பிட்டீங்க. ஊசி போடுற மாதிரி வலிக்காம எடுத்துட்டீங்க!"ன்னு கத்தினேன். பஞ்சு வச்சிருந்தவரு எந்திரிச்சு ஓடிட்டாரு. டாக்டர் முகம் செத்துப் போச்சு. திருடன் முகம் அப்படித்தான் இருக்கும்.

உங்கக்கா மட்டும், "நாப்பது நிமிசத்துல இஞ்சினை மாத்த முடியுமா, என் தம்பிகிட்ட முதல்ல கேளுங்க"ங்கிறா. அதுக்குத்தான் எழுதுறேன். ஆள் நிறைய இருந்தா முடியும்தானே?

திங்கக்கிழமை ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கப் போறேன். நீ வந்து சாட்சிக் கையெழுத்துப் போடணும். ஊருல நான் நம்புற ஆளு நீ ஒருத்தன்தான். முந்தி இருந்த இஞ்சின் எதுன்னு உன்னைவிடத் தெரிஞ்சவன் கிடையாது.

மாமா

*

மாவு மில்
மார்ச் 22

மாமாவுக்கு,

ஸ்டேஷனுக்குப் போகாதீர்கள். இந்தக் கடிதத்தைக் கூரியரில் அனுப்புகிறேன். போனில் சொல்ல இரண்டு முறை எண்ணை அழுத்தினேன். உங்கள் குரல் கேட்டதும் வைத்துவிட்டேன்.

டாக்டர் எதையும் எடுக்கவில்லை. மாற்றியது நான்.

இருபத்திரண்டு வருடம் ஆகிறது. நீங்களும் அக்காவும் பிரசவத்துக்காக ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள். சர்வீசுக்கு என்று வண்டியை என்னிடம் விட்டுப் போனீர்கள். நான் நண்பர்களோடு அதை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனேன். ரேடியேட்டரில் தண்ணீர் ஒழுகியது. நிறுத்திப் பார்க்கவில்லை, பாட்டுப் போட்டுக்கொண்டு போனோம். இஞ்சின் இறுகிப் போய் நின்றுவிட்டது. பட்டறையில் ஒரு பழைய வேனின் இஞ்சின் கிடந்தது. தாங்கிகளை வெட்டி ஒட்டி அதைப் பொருத்தினேன். உங்கள் இஞ்சினைச் சரிசெய்து திரும்ப வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

நீங்கள் வந்து ஓட்டிப் பார்த்தீர்கள். "மாப்ளே கை பட்டதும் வண்டி பஞ்சு மாதிரிப் போகுது" என்று தெருவில் எல்லோரிடமும் சொன்னீர்கள். அதற்குப் பிறகு என்னால் சொல்ல முடியவில்லை.

உங்கள் இஞ்சினைச் சரிசெய்து முடிக்க எட்டு மாதம் ஆனது. அதற்குள் பட்டறையை மூடிவிட்டார்கள், எனக்கு வேலை இல்லை. அதை மண்ணெண்ணெயில் ஓடுகிற மாதிரி மாற்றி இந்த மில்லைத் தொடங்கினேன். இன்றுவரை மில்லை ஓட்டுவது அதுதான். உங்கள் மகள் கல்யாணத்துக்கு இங்கே அரைத்த மாவு எல்லாம் அதில் அரைத்ததுதான். எப்.சி.க்கு நானே வந்ததும் பாசத்தில் இல்லை. அங்கே தெரிந்தவர் ஒருவர் நம்பரைப் பார்க்காமல் விடுவார்.

உங்கள் சந்தேகத்தை டாக்டர் பக்கம் நானே தள்ளிவிட்டேன். அதுதான் எல்லாவற்றையும்விட மோசம்.

ஒரு வார்த்தை எழுதுங்கள். மில்லை நிறுத்தி, இஞ்சினைக் கழற்றி, லாரியில் ஏற்றி அனுப்பிவிடுகிறேன். திட்டுங்கள் மாமா. எவ்வளவு வேண்டுமானாலும்.

மாப்பிள்ளை

*

டயர் கடை
ஏப்ரல் 2

லெட்டர் வந்து சேர்ந்தது.

ஸ்டேஷனுக்குப் போகல. டாக்டரைப் போய்ப் பாத்தேன். ஏழெட்டுப் பேருக்கு முன்னாடி கத்தினதால, வெளிய ஏழெட்டுப் பேர் சேர்ற வரைக்கும் காத்திருந்து, அவங்க முன்னாடியே மன்னிப்புக் கேட்டேன். அவரு என்னை உக்கார வச்சுத் தண்ணி குடுத்தாரு. நிஜமாவே இடுப்பு வலிதான் அவருக்கு. குனிய முடியாம டம்ளரை நீட்டுனாரு.

பழைய இஞ்சின் இருக்கு, சின்ன வேலைதான் பாக்கணும்னேன். அப்படின்னா அதை வச்சுக் குடுங்க, பேசுனபடி என் வண்டியை எடுத்துக்கங்கன்னாரு. மூணு நாள் டைம் கேட்டேன். மூணு நாளும் கடைக்கு முன்னால பெரியவர் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். நாலாவது நாள் போயி, அந்த இஞ்சின் கிடைக்காதுங்க, அதை வச்சு ஒரு குடும்பம் சாப்பிடுதுன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

மில்லை நிறுத்தாதே.

இஞ்சினை மாத்துனது பெரிசில்ல. அந்த வயசுல நானும் செஞ்சிருப்பேன். ஊருல எல்லாரையும் சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டு, ஒரே ஒரு இடத்துல மட்டும் செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு நிம்மதியா உக்காந்திருந்தேன். அது போச்சு. அதுக்கு லாரி வச்சு அனுப்புறதுக்கு உன்கிட்ட ஒண்ணும் இல்ல.

அந்த வேலைக்கார அம்மா எங்க இருக்காங்கன்னு உங்கக்கா விசாரிச்சிட்டு இருக்கா. கிடைச்சா நான் போகணும்.

ஞாயித்துக்கிழமை உங்கக்காவைக் கூட்டிட்டு வர்றேன். அந்த இஞ்சினை ஒரு தடவை ஓட்டிக் காட்டு, பாத்துட்டுப் போயிடுறேன். உங்கக்காவுக்குச் சாப்பாடு எடுத்து வை. எனக்கு வேண்டாம். நான் சாப்பிட்டுட்டுத்தான் வருவேன்.

இப்படிக்கு,
உன் அக்கா வீட்டுக்காரர்