ஒரே சத்தமாக இறங்க வேண்டும்

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம், அப்பாவின் இடுப்பைத் தவிர. அதற்குக் காரணம் நீதான். நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. போனில் கேட்டால் "நல்லாத்தான்மா இருக்கேன்" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வெட்ட முடியாது பார்.

நீ அனுப்பிய, ஆட்டக்காரர்களை உற்சாகப்படுத்த உங்கள் அணி ஆடிக் குதிக்கிற சியர்லீடிங் வீடியோவை அப்பா வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் போட்டுக் காட்டிவிட்டார், குழாய் ரிப்பேருக்கு வந்தவர் உட்பட. அதோடு விட்டாரா? நீ காலை இரண்டு பக்கமும் விரித்துத் தூக்கிக் குதிக்கிறாயே, அதில் என்ன பெரிய வித்தை என்று சோபாவைத் தள்ளிவைத்துவிட்டுத் தானும் குதித்தார். ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் ஏற்றி இறக்குகிற மெக்கானிக்குக்குச் சொந்தக் கால் ஒரு சாண்கூட ஏறவில்லை. "கால்தான் கைகிட்ட வரணும்ப்பா, கை காலைத் தேடிப் போகக்கூடாது, நெஞ்சு நிமிர்ந்தே இருக்கணும்" என்று நீ எத்தனை தடவை சொல்லியிருப்பாய்! அவர் குனிந்து கால்விரலைத் தொடப் போனார், இடுப்பு பிடித்துக்கொண்டது. இப்போது நாற்காலியில் இருந்தபடியே எனக்குக் குதிக்கும் முறையை விளக்குகிறார்.

அப்பா குதித்த சத்தத்துக்குக் கீழ்வீட்டம்மா மேலே வந்துவிட்டார். நீ இங்கே குதித்துப் பழகிய காலமெல்லாம் "பீரோ விழுந்துச்சா, பொண்ணு விழுந்துச்சா?" என்று கதவைத் தட்டியவர்தானே. நீ கால்களைச் சேர்த்து, முட்டியை மடக்கி, மெத்தென்று இறங்கக் கற்றதே அந்த வாய்க்குப் பயந்துதான். பெருமையை மட்டும் உன் கோச் எடுத்துக்கொள்ளட்டும். கீழ்வீட்டம்மாவுக்கும் வீடியோவைப் போட்டோம். அவர் படத்தையே பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு காதை மட்டும் கொடுத்தார். "இவ இறங்குனா ஒரே சத்தம்தான் வரும். இதுல ரெண்டு வருது. ஒரு காலைக் காப்பாத்திக்கிட்டு இறங்குறா" என்றார். அதற்குப் பிறகுதான் நாங்கள் மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். வலது கால் முதலில் விழுகிறது, இடது கால் முட்டியை மடக்கப் பயந்து, தயங்கித் தயங்கிப் பின்னால் வருகிறது. முகத்தில் மட்டும் எல்லாப் பல்லும் தெரியும் சிரிப்பு. அதைக் கைதட்டுகிறவர்களுக்கு வைத்துக்கொள், எனக்கு வேண்டாம். சின்ன வயதில் படியில் விழுந்து கை முறிந்தபோதும் இப்படித்தான் இளித்துக்கொண்டு வந்து நின்றாய். அடுத்த வாரம் அணித் தேர்வு, டாக்டரிடம் போனால் குதிக்காதே என்பார், அதனால்தானே முட்டி வலியை மறைக்கிறாய்? என்ன சாமர்த்தியம்! இந்த வருஷம் முதல் வரிசையில் குதி, அப்புறம் ஆயுசுக்கும் கைப்பிடியைப் பிடித்துப் படி ஏறு. அப்பா இருக்கிறார், உனக்கென்று தனியாக ஒரு லிஃப்ட் வைத்துத் தருவார். கண்ணே, எனக்குப் பயமாக இருக்கிறது. தேர்வுக்கு முன்னால் முட்டியை டாக்டரிடம் காட்டு, கோச்சிடமும் உண்மையைச் சொல். ஒரு வருஷம் பின்வரிசையில் நின்றால் யாரும் செத்துவிட மாட்டார்கள்.

நோய் நொடியில்லாமல், இரண்டு காலும் தரையில் உறுதியாக ஊன்றி, நீ நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும். டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் எழுது. கீழ்வீட்டம்மாவும் உன்னிடம் ஒன்று சொல்லச் சொன்னார். முட்டி சரியானதும் நீ வந்து நம் ஹாலில் ஒரே ஒரு தடவை குதிக்க வேண்டுமாம், அவர் கீழே உட்கார்ந்து கேட்பாராம். "ஒரே சத்தமா வந்தா நான் சண்டைக்கு வரமாட்டேன்" என்றார்.

இப்படிக்கு,
அந்தச் சத்தத்துக்காகக் காத்திருக்கும்
உன் அம்மா