எட்டு வாரமும் ஏழு

செப்டம்பர் 12
மகள் பைலினை இன்றும் வகுப்பின் பின்சுவரோடு நிற்க வைத்திருக்கிறார்கள். மற்றவர்கள் மூன்றாவது கணக்கில் இருக்கும்போதே பத்தையும் முடித்துவிட்டாளாம். ஒன்பது வயதுப் பெண் செய்த குற்றம் அவ்வளவுதான். பத்துக்குப் பத்து வாங்கிய தாளைக்கூட டீச்சர் குப்புறத்தான் கொடுத்தாராம், மற்ற பிள்ளைகள் மனம் நோகும் என்று. என் மகளுக்கு மனம் கிடையாதா?

செப்டம்பர் 15
மருந்துக்கடையைக் கணவர் கம்சிங்கிடம் விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனேன். புவாவன் டீச்சர் சிரித்த முகத்தோடு நாற்காலி போட்டார். அதுதான் எரிச்சல். ஒற்றுமை, ஒற்றுமை என்று அரை மணி நேரம்.

"மேகோங் ஆத்துல படகுப் போட்டி பாத்திருப்பீங்களேக்கா. ஒருத்தி மட்டும் வேகமா துடுப்புப் போட்டா படகு என்ன ஆகும்?"

கணக்குத் தாள் என்ன படகா என்று கேட்டிருக்க வேண்டும். நானோ கைகூப்பிவிட்டு வந்தேன். எனக்கெல்லாம் எதற்கு வாய்?

செப்டம்பர் 26
இந்த வாரக் கணக்குத் தாளில் ஏழு மார்க். பைலினா? உடம்பு சரியில்லையோ?

அக்டோபர் 10
மறுபடி ஏழு. கம்சிங்குக்கு ஒரே சந்தோஷம். மதியத்தில் இப்போது பிள்ளைகள் அவளையும் கூட்டி உட்காரவைத்து ஒரே மூங்கில் கூடையிலிருந்து சோறு எடுத்துச் சாப்பிடுகிறார்களாம். பிள்ளை பிள்ளையாக இருக்கட்டும், விடு என்கிறார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

நவம்பர் 14
எட்டு வாரத் தாள்களையும் பாயில் பரப்பினேன். எட்டிலும் ஏழு. ஒரு தடவைகூட ஆறு இல்லை, எட்டு இல்லை. தப்பான விடைகளைப் பார்த்தேன் — ஒவ்வொன்றும் சரியான விடையைவிட ஒன்றே ஒன்று கூடுதல்.

கூப்பிட்டுக் கேட்டேன். அவள் ஒளிக்கவில்லை.

"எங்க வகுப்புல நிறைய பேர் ஏழுதாம்மா வாங்குவாங்க. ஏழு வாங்கினா யாரும் திரும்பிப் பாக்கமாட்டாங்க."

அப்போ பத்துமே தெரியுமா என்றேன்.

"பத்தும் ஈஸிம்மா. எல்லாரும் எந்த மூணைத் தப்பாப் போடுவாங்கன்னு கண்டுபிடிக்கறதுதான் கஷ்டம்."

அடப் பாவிகளா. ஒரு வகுப்பையே மனதுக்குள் கணக்குப் போடுகிற மூளையை எதற்குச் செலவழிக்க வைத்திருக்கிறீர்கள்! குழந்தையைப் பொய் எழுதப் பழக்கிவிட்டு, அதற்கு ஒற்றுமை என்று பெயர் வேறு. நானும் உடந்தைதானே — வாயை மூடிக்கொண்டு வந்தவள்தானே.

நவம்பர் 17
தாள்களை டீச்சர் மேசைமேல் போட்டேன். இந்தத் தடவை சத்தமாகத்தான் பேசினேன், பக்கத்து வகுப்பே எட்டிப் பார்த்தது. அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். முகம் சிவந்துவிட்டது. பிறகு மெதுவாக, "இப்ப அவ தனியா இல்லையேக்கா" என்றார். நடிப்பில்லை, அவருக்கு அது நல்லதாகவே தெரிகிறது. அப்படிப்பட்டவரிடம் என்ன சண்டை போடுவது? போட்டேன்தான். ஒன்றும் நடக்கவில்லை.

டிசம்பர் 9
பள்ளியிலிருந்து சீட்டு. பக்ஸே நகரத்தில் மாகாணக் கணக்குப் போட்டியாம். பள்ளிக்குப் பெயர் வாங்கித்தர பைலின்தான் போக வேண்டுமாம். இவர்களுக்குத் தேவையென்றால் மட்டும் கெட்டிக்காரி வேண்டும்! கிழித்தெறியத்தான் கை போனது. ஒரு தடவையாவது அவள் அவளாக எழுதட்டுமே என்று கையெழுத்துப் போட்டேன்.

பைலின் சீட்டை இரண்டு தடவை படித்தாள். முகம் வாடிவிட்டது. தெரிந்ததையெல்லாம் எழுது, அங்கே யாரும் உன்னை நிற்க வைக்கமாட்டார்கள் என்றேன்.

"அங்க வர்ற பிள்ளைங்க யாரையுமே எனக்குத் தெரியாதேம்மா" என்றாள். "அவங்க எத்தனை எடுப்பாங்கன்னு நான் எப்பிடிக் கண்டுபிடிப்பேன்?"