சூதாட்டப் பக்கத்தில் அகப்பட்ட என் சீட்டு

அனுப்புநர்:
திருமதி எம். நூருன்னிஸா,
பள்ளிவாசல் ஒழுங்கை,
பலாபத்வல.

பெறுநர்:
பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம்,
மாத்தளை.

விடயம்: இணையச் சூதாட்டப் பக்கமொன்றில் என் பெயரில் வெளியாகியுள்ள, நானே எழுதிய, ஆனால் சூதாட்டத்தைப் பற்றி எழுதாத கருத்துரை தொடர்பாக விசாரித்து உறுதிக் கடிதம் வழங்கக் கோரல்.

மதிப்புக்குரிய ஐயா,

மேற்படி விடயத்தைத் தாங்கள் இன்னொரு தடவை வாசித்திருப்பீர்கள் என்பதை அறிவேன். எழுதி முடிப்பதற்குள் எனக்கே தலை சுற்றிவிட்டது. ஆகவே முதலிலிருந்து தெரிவிக்க அனுமதி வேண்டுகிறேன்.

1. நான் மாத்தளை நகரில் திரு. சுந்தரலிங்கம் அவர்களின் அச்சகத்தில் கணினியில் தமிழ் அடிக்கும் வேலை செய்கிறேன். கலியாணக் கார்ட், மரண அறிவித்தல், கடை நோட்டீஸ் எல்லாம் என் கையால்தான் போகின்றன. கணவர் குவைத்தில் சாரதியாக உள்ளார். எங்கள் ஒரே மகள் மஸூதாவுக்கும் நாவுலயைச் சேர்ந்த ஜனாப் முத்தலிப் அவர்களின் இளைய மகன் நுஹ்மானுக்கும் நிக்காஹ் பேசி முடித்திருந்தோம். அது இப்போது நின்று போயிருப்பதே இம்மனுவுக்குக் காரணம்.

2. அத்துடன் நான் எங்கள் பகுதிப் பெண்களுக்குச் சீட்டுப் பிடிக்கிறேன். தாங்கள் அறிந்ததுதான்: மாதாமாதம் எல்லோரும் ஒரு தொகை போட, முறைப்படி ஒவ்வொருவராக மொத்தத்தையும் எடுப்பது. எங்கள் ஒழுங்கைப் பெண்களும், தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் கிருஷ்ணம்மாவும், அவருடைய லயத்து வீடுகளின் பெண்களும் இதில் உள்ளனர். எங்கள் ஊரில் வெறுமனே சீட்டு என்று சொன்னால் இது ஒன்றுதான். சிங்களப் பெண்களும் சீட்டு என்றே சொல்கிறார்கள். ஆண்கள் உட்கார்ந்து விளையாடி வீட்டில் ஏச்சு வாங்குவதற்கு எங்களிடையே பெயர் காட்ஸ். இந்த வித்தியாசத்தைத் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளவும். என் குடும்பத்தின் மானம் இப்போது இதில்தான் தொங்குகிறது.

3. கணவருடன் பேசுவதற்காக ஞாயிற்றுக்கிழமைகளில் டவுனில் உள்ள இன்டர்நெட் கடைக்குப் போவேன். நாட்டின் யுத்த நிலைமையால் அங்கே அடையாள அட்டை இலக்கத்தைப் பதிந்த பின்புதான் கதிரை கிடைக்கும். கடந்த ஏப்ரலில் ஒரு நாள் குவைத் லைன் கிடைக்கவே இல்லை. சும்மா இருந்தால் எனக்குக் கை துறுதுறுக்கும். எனக்கு முன் இருந்தவர் திறந்தபடி விட்டுப்போன தமிழ்ப் பக்கமொன்று திரையில் இருந்தது. படங்கள் வர வேண்டிய இடங்களில் வெறும் கட்டங்களும் சிவப்புப் புள்ளடிகளும் மட்டுமே. நடுவில் நல்ல தமிழில் ஒரு கேள்வி: "சீட்டில் உங்கள் அனுபவம் என்ன? புதியவர்களுக்கு வழிகாட்டுங்கள்." அட, பெண்களின் சீட்டைப் பற்றியும் உலகம் விசாரிக்கத் தொடங்கிவிட்டதே என்று பூரித்துப் போனேன், ஐயா. பின்வருமாறு அடித்து அனுப்பினேன்:

"நான் பல வருடங்களாகச் சீட்டில் இருக்கிறேன். இது அவசரக்காரர்களுக்குச் சரிவராது. உங்கள் முறை வரும்வரை பொறுமை வேண்டும். சிலர் கையில் கிடைத்ததும் அடுத்த மாதம் இந்தப் பக்கமே தலைகாட்டமாட்டார்கள். ஆனால் நேர்மையாக நடந்தால் நிச்சயம் கைகொடுக்கும். என் மகளின் கலியாணச் செலவுக்கு இதைத்தான் நம்பியிருக்கிறேன். நூருன்னிஸா, பலாபத்வல, மாத்தளை."

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

4. நுஹ்மானின் மூத்த சகோதரர் ஜனாப் பலீல், கட்டாரில் கணினி வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். பெண் வீட்டாரைப் பற்றி அறிவதற்காக என் பெயரையும் ஊரையும் இணையத்தில் தேடியிருக்கிறார். அந்தப் பக்கம் அகப்பட்டது. அவருடைய கணினியில் படங்கள் எல்லாம் குறைவில்லாமல் வந்துவிட்டன: சுழலும் சக்கரம், விசிறிபோல் விரித்த காட்ஸ், அரைகுறை உடுப்புடன் ஒரு பெண். அவளுடைய காலடியில் என் எழுத்து. கட்டாரில் தமிழ்நாட்டு நண்பர்களுடன் ஒரே அறையில் தங்கியிருந்ததால், அவர்கள் காட்ஸைச் சீட்டு என்று சொல்வதும் பலீலுக்குத் தெரிந்திருந்தது. பக்கத்தை அச்செடுத்து வந்து, தகப்பனார் முன்னிலையில் எங்கள் வீட்டு மேசையில் விரித்து வைத்தார்.

5. இந்த இடத்தில் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். எனக்கு அப்போது பயத்தை விட ஆச்சரியமே கூடுதலாக இருந்தது. ஏனெனில் பலீல் மற்றக் கருத்துரைகளை ஒன்றுவிடாமல் பிடித்துப் பிழிந்து காட்டினார். "பொய்யா எழுதுறவன் குறை சொல்ல மாட்டான் மாமி. எல்லாம் சுப்பர் எண்டு மட்டுந்தான் எழுதுவான்" என்றார். ஒரே வசனம் வேறு வேறு பெயர்களில் வருவதைக் காட்டினார். லக்கலயைச் சேர்ந்த கமலாட்சி என்று ஒருவர், வென்ற காசில் லக்கலயில் கடலைப் பார்த்தபடி வீடு கட்டியதாக எழுதியிருந்தார். லக்கலயில் ஜன்னலைத் திறந்தால் யானையைப் பார்க்கலாம், கடலுக்கு எங்கே போவது? அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பலீலும் சிரித்தார். பிறகு என்னுடையதில் விரலை வைத்தார். "இது ஒண்டுதான் மாமி உண்மையான ஆள் எழுதினது. ஊர் ஈக்கி, பேர் ஈக்கி, பொறுமை வேணும் எண்டும் ஈக்கி. இத யாரும் காசுக்கு எழுதிக்க ஏலா."

அவருடைய அளவுகோலில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கருத்துரைகளை எடைபோட வேண்டுமானால் நானும் அப்படித்தான் போடுவேன். எழுதியவர் உண்மையான ஆளா, மனமறிந்து எழுதினாரா என்றெல்லாம் பார்த்தார். எதைப் பற்றி எழுதினார் என்பதை மட்டும் அந்தச் சக்கரத்திடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

6. நான் விளக்கம் சொன்னேன். ஜனாப் முத்தலிப் நிதானமானவர், குரலை உயர்த்தவில்லை. "சீட்டு எங்களுக்குந் தெரியும் தங்கச்சி. எங்கட வீட்டுலயும் புடிக்கிறாங்க. சீட்டுக்கு எதுக்குச் சக்கரம்?" என்று கேட்டார். சூதாடிய காசில் போடும் கலியாணச் சாப்பாட்டில் தம் வீட்டார் கைவைக்க ஏலாது என்று சொல்லி எழுந்தார். ஊற்றிய தேத்தண்ணீர் குடிக்காமல் அப்படியே இருந்தது. மகள் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

7. சும்மா இருக்கவில்லை, ஐயா. அடுத்த ஞாயிறு அதே பக்கத்தைத் தேடிப் பிடித்து, "நான் சூதாடுபவள் அல்ல. என் சீட்டில் இதுவரை யாரும் ஏமாந்ததில்லை" என்று மறுப்பு எழுதினேன். பிறகு போய்ப் பார்த்தால் முதல் வசனத்தைக் காணவில்லை. இரண்டாவது வசனம் ஐந்து நட்சத்திரத்துடன் ஜொலிக்கிறது! கோபத்தில் மேசையில் அடித்துவிட்டேன். கடைக்காரர் கீபோர்ட்டைத் தூக்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

அதன்பின் எமது பிரிவு கிராம உத்தியோகத்தரிடம் நற்சான்றுக் கடிதம் கேட்டேன். நல்ல மனிதர், உடனே எழுதித் தந்தார். "இவர் நீண்டகாலமாகச் சீட்டு விடயத்தில் நேர்மையாக ஈடுபட்டு வருபவர்" என்று எழுதி, சீலும் குத்தியிருந்தார். ஆசையோடு நாவுலக்குக் கொண்டுபோனேன். ஜனாப் முத்தலிப் கண்ணாடியை மாட்டி வாசித்துவிட்டு, "இதுலயும் அந்தச் சீட்டுத்தானே ஈக்கி" என்று திருப்பித் தந்தார். பஸ்ஸில் திரும்பி வரும்போது சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். என் பையில் பலீல் விட்டுப்போன சக்கரப் படமும் நற்சான்றும் ஒன்றாகக் கிடந்தன. இரண்டையும் மாறி மாறிப் பார்த்த இளம் சிப்பாய், எவ்வளவு வென்றீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார்.

8. எனவே தங்களிடம் பணிவுடன் வேண்டுவது:

அ) தங்கள் உத்தியோகத்தர் ஒருவரை அனுப்பி, கிருஷ்ணம்மா உட்பட எங்கள் பெண்களை விசாரித்து, நான் செய்வது என்னவென்று நேரில் அறியவும்.

ஆ) அதனை உறுதிப்படுத்தி ஜனாப் முத்தலிப் அவர்களுக்குத் தங்கள் கையொப்பத்துடன் கடிதமும், எனக்கு அதன் பிரதியொன்றும் அனுப்பவும். பிரதேச செயலாளர் எழுதினால் ஏற்பதாக அவரே சொல்லியிருக்கிறார்.

இ) அக்கடிதத்தில் "அயலவர் கூட்டுச் சேமிப்பு" என்று குறிப்பிடவும். சீட்டு என்ற சொல்லை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் பயன்படுத்த வேண்டாம்.

தமிழ் அடிப்பதையே தொழிலாகக் கொண்டவள் இம்மனுவைக் கையால் எழுதியிருப்பது ஏன் என்று தாங்கள் யோசிக்கலாம். கணினியில் ஒரு வசனத்தை வெட்டினால் வெட்டிய இடம் தெரிவதில்லை. கடதாசியில் தெரியும்.

9. மஸூதாவின் கலியாணக் கார்ட்டை நானே அடித்து, எழுத்துப் பிழை பார்த்து, அச்சகக் கணினியில் வைத்திருக்கிறேன். அச்சிடவும் இல்லை, அழிக்கவும் இல்லை. முதலாளி அதைப் பார்த்தும் பாராதவர்போல் இருக்கிறார். நேற்று மகள் என்னிடம், "உம்மா, நீங்க எழுதினது அவ்வளவும் உண்மைதானே? நுஹ்மான் வீட்டுக்காரங்களும் அது உண்மை எண்டுதானே சொல்றாங்க? பொறகு ஏன் கலியாணம் நிண்டிச்சு?" என்று கேட்டாள். அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். தங்கள் கடிதம் வந்தால் அதை அவளிடம் கொடுத்து, சத்தமாக வாசிக்கச் சொல்வேன்.

அந்தக் கடிதத்தை எதிர்பார்த்து, தபால்காரரின் சைக்கிள் மணிக்கு வாசலுக்கு ஓடிவரும்,

(ஒப்பம்)
எம். நூருன்னிஸா

இடம்: பலாபத்வல
திகதி: 2008.06.23

இணைப்பு: மேற்படி இணையப் பக்கத்தின் அச்சுப் பிரதி. சக்கரம் உள்ள பகுதியை மடித்து வைத்திருக்கிறேன். தயவுசெய்து முதலில் எழுத்தை வாசித்துவிட்டு, அதன் பின்னர் பிரிக்கவும்.