கரவனுக்கு வேறு வாசல்

மார்ச் 4, செவ்வாய்

இன்று பின்னேரம், வீட்டுக்கு முன்னால் நிற்கும் பழைய கரவன் வண்டியின் வலப்பக்க இருக்கையை வெட்டி எடுத்துவிட்டேன். மரினா தந்த கறண்ட் வாள் கையை உதறு உதறென்று உதறியது. எதிரும் புதிருமாக இரண்டு நீள இருக்கைகள் இருந்தன. நாலு பேர் வசதியாக இருக்கலாம். எனக்கு எதற்கு நாலு பேர்? நானும் மகளும் இருக்க இடப்பக்கம் போதும். வெட்டின பக்கத்தில் காய் வெட்ட, கோப்பை வைக்க ஒரு பலகை வரும்.

இவர் மேல்மாடி யன்னலில் நின்று பார்த்தார். பார்க்கட்டும்.

மார்ச் 6

நிர்மலாவுக்கு இந்த வயதில் ஏன் கரவன் என்று பள்ளிக்கூடச் சமையலறையில் ஆளுக்கொரு கதை. கூட வேலை செய்யும் மரினாவுக்கு மட்டும் உண்மையைச் சொன்னேன். அவளும் புருசனும் பல வருசம் கரவன் வைத்திருந்தவர்கள். வாள் முதல் ஆணி வரை அவளிடம்தான் வாங்குகிறேன்.

மகள் ஜதுர்ஷிகா கலியாணம் கட்டி ஏழாம் மாதம், போன ஆவணியில், வெளியே வந்துவிட்டாள். அந்த வீட்டில் மூச்சு விட ஏலாமல் இருந்தது என்றாள். எனக்கு அது போதும். இவருக்குப் போதவில்லை. சம்பந்தம் பேசி வந்தது இவருடைய சிநேகிதர் பாலேந்திரா. அவர் முகத்தில் இனி எப்படி முழிப்பதாம். ஹோலுக்குள் நின்று சொன்னார்: "திரும்பிப் புருசனிட்டப் போகட்டும். இல்லாட்டி இந்த வீட்டு வாசற்படியில அவள் கால் வைக்கப்படாது."

பிள்ளை பிரிஸ்டலில் ஒரு அறையில் இருக்கிறாள். கோச் நிலையத்திலும் கோப்பிக் கடையிலும் அவளைக் கண்டு கண்டு அலுத்துப்போனேன். பெத்த பிள்ளைக்குச் சோறு போட எனக்கொரு மேசை இல்லையோ? முப்பது வருசமா இந்த வீட்டில நான் என்ன வாடகைக்கோ இருந்தனான்?

வீட்டு வாசற்படி என்றுதானே சொன்னார். கரவனுக்கு வேறு வாசல்.

மார்ச் 15

சம்பந்தியம்மாவுக்குத் தீபாவளிக்குக் கொடுக்கவென்று வாங்கி வைத்த பச்சைச் சேலையை வெட்டி யன்னல்சீலை தைத்தேன். இப்போதுதான் அந்தச் சேலையால் ஒரு பிரயோசனம்.

மார்ச் 23, ஞாயிறு

தரைக்கு விரிப்பு ஒட்டி முடிந்தது. மரம் போல வரி போட்ட பிளாஸ்டிக் விரிப்பு. ஒட்டுவதற்கு முன்னால் அடிப்பலகையை எல்லா மூலையிலும் குத்திப் பார் என்று மரினா சொன்னாள். எனக்கு எங்கே பொறுமை? பார்வைக்கு நன்றாகத்தானே இருந்தது.

புதுவருசத்துக்குப் பால் காய்ச்சிவிட்டுப் பிள்ளையைக் கூப்பிடுவேன்.

ஏப்ரல் 14, திங்கள்

பால் காய்ச்சினேன். இவரையும் கூப்பிட்டேன், முறைக்கு. "வண்டிலுக்கு ஆரும் பால் காய்ச்சுவினமோ?" என்று கேட்டுவிட்டு, வேட்டியைக் கட்டிக்கொண்டு தனியாகச் சேர்ச் ரோட் முருகன் கோயிலுக்குப் போய்விட்டார். போகட்டும். முருகனிடம் மகளைப் பற்றி என்ன சொல்வாராம்?

குடிபுகும் வீட்டில் பால் பொங்கி வழிய வேண்டும். வழிந்தது. அந்தச் சின்னக் காஸ் அடுப்பு உடனே அணைந்தது. காஸை மூடிவிட்டுத் திரும்பினால், பால் அடுப்பால் இறங்கி, தரையில் ஒரே கோடாக ஓடி, பின்மூலைக்குப் போய்க் காணாமல் போய்விட்டது. கரவனின் நாலு கால்களையும் திருகி இறக்கி மட்டம் பார்க்க மறந்துபோனேன். வண்டி ஒரு பக்கம் சரிந்து நின்றிருக்கிறது.

துடைக்கிற வேலை மிச்சம் என்று சந்தோசப்பட்டேன். மடைச்சி.

ஏப்ரல் 18

புளிச்ச மணம். கதவைத் திறக்க முகத்தில் அடிக்கிறது. இவர் வீட்டு யன்னல்களை எனக்குக் கேட்கும்படி ஒவ்வொன்றாக இழுத்துச் சாத்தினார்.

ஏப்ரல் 20, ஞாயிறு

மரினா வந்தாள். விரிப்பைக் கிளப்பினோம். மூலைப் பலகையில் அவள் ஸ்குருட்றைவரை வைத்து அழுத்த, தேத்தண்ணீரில் ஊறின பிஸ்கட் போல உள்ளே போனது. மேலே யன்னல் றப்பர் வெடித்துக் கிடக்கிறது. எத்தனை மழை உள்ளே இறங்கினதோ. விற்றவன் அதற்கு மேல் வெள்ளைப் பெயின்ற் அடித்திருக்கிறான்.

இவர் முதல் தடவையாகக் கரவனுக்குக் கிட்ட வந்தார். ஏறவில்லை, வெளியே நின்று எட்டிப் பார்த்தார். "நான் அப்பவே சொன்னனான். குப்பைக்காரனைக் கூப்பிட்டு இழுத்துக்கொண்டு போகச் சொல்லும்."

எனக்கு வந்த கோவம்! ஸ்குருட்றைவரும் கையுமாகவே சொன்னேன்: "பால் பொங்கினபடியால் அழுகல் தெரிஞ்சுது. நீங்களும் பாலேந்திரா அண்ணையும் பாத்த சம்பந்தமும் இப்பிடித்தான். மேல பெயின்ற் வடிவாத்தான் இருந்தது. உள்ளுக்க நிண்டு புதைஞ்சது என்ரை பிள்ளை."

அவர் வீட்டுக்குள் போய்விட்டார். மரினா தலையைக் குனிந்துகொண்டு விரிப்பைச் சுருட்டினாள். நான் பேசினது கூடிப்போச்சோ? இல்லை. எட்டு மாதம் பிந்திப்போச்சு.

மே 3

அழுகின இடத்தை மட்டும் வெட்டினால் போதும் என்று நினைத்தேன். நல்ல மரம் வரும்வரை வெட்டு என்றாள் மரினா. கால்வாசித் தரை போய்விட்டது. வெட்டின ஓட்டையால் கீழே ரோட்டுத் தெரிந்தது. அழுகை வந்தது, அழுதுகொண்டே வெட்டினேன்.

மே 11

புது மரச்சட்டம், புதுப் பிளைவுட், யன்னலுக்குப் புது றப்பர், சுற்றிவரச் சிலிக்கன் பசை. முழங்கால் இரண்டும் என்னோடு கோபம். மூலையில் ஏறி நின்று குதித்துப் பார்த்தேன். ஐம்பத்தெட்டு வயதுப் பொம்பிளை குதிப்பதை அடுத்த வீட்டுக்காரன் பார்த்தான். கையசைத்தேன்.

மே 16

இரவிரவாக மழை. மூலை காய்ந்திருக்கிறது!

மே 22, வியாழன்

வேலையால் வந்து பார்த்தால் கரவனின் நாலு கால்களும் இறக்கியிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் அடியில் அளவாக வெட்டின பலகைத் துண்டு. மேசையில் தண்ணீர்க் கோப்பையை வைத்தேன், இம்மியும் சரிவில்லை. மரினாவைக் கேட்டேன், தான் வரவில்லை என்றாள்.

இவரிடம் கேட்கவில்லை. இரவு சோறு குழைத்துச் சாப்பிடும்போது பார்த்தேன், நகத்துக்குள் ஊத்தை இருந்தது அந்த மனுசனுக்கு. நான் காணாத மாதிரி இருந்தேன். பேர் சொல்லியே எழுதுகிறேன்: கால் இறக்கினால் மட்டும் போதாது, யோகராஜா.

மே 25, ஞாயிறு

ஜது வந்தாள். வீட்டு வாசலைத் திரும்பியும் பார்க்காமல் நேரே கரவனுக்கு வந்து, கதவடியில் சப்பாத்தைக் கழற்றினாள். உள்ளே சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "அம்மா, இதெல்லாம் நீங்களே செய்தனீங்கள்?" ஓம், நான்தான்.

கணவாய்க் கறியோடு சோறு போட்டேன். இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். பிறகு அவள் கையால் பால் காய்ச்சச் சொன்னேன், இந்த முறை சட்டியைச் சுற்றித் தட்டம் வைத்து. பால் எழும்பி, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வழிந்தது.

அப்போதுதான் கதவில் தட்டும் சத்தம். இவர். படிக்குக் கீழே, மழைத்தூறலில் நின்றார். என்னைப் பார்க்கவில்லை.

"பிள்ளை, உள்ளுக்க வரட்டோ?"

ஜது என்னைப் பார்த்தாள். கேட்டது அவளிடம். அவள் அவசரப்படவில்லை. அவருடைய தோள் நனையும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ, அப்பா. அம்மா போட்ட தரை."

கழற்றினார். ஏறி வந்தார். இருக்க இடமில்லை, அதைத்தான் மார்ச் மாதம் வெட்டி எறிந்துவிட்டேனே. பலகையில் சாய்ந்து, தலை கூரையில் முட்ட, நின்றபடியே பாலைக் குடித்தார். பச்சை யன்னல்சீலையைத் தொட்டுப் பார்த்தார். எந்தச் சேலை என்று விளங்கியிருக்கும். ஜது அவருக்கு இன்னும் கொஞ்சம் பால் ஊற்றினாள்.

மரினாவிடம் வாளைத் திரும்பவும் கேட்க வேண்டும். வலப்பக்கத்தில் ஒரு ஆள் இருக்கக்கூடிய சின்ன இருக்கை ஒன்று போடலாம். பிணைச்சல் பூட்டி, மடிக்கிற மாதிரி. ஒழுங்காக நடக்காவிட்டால் மடித்துவிடுவேன்.