வெண்மணல் தேர் தோற்றது ஏன் என்று கேட்ட மன்னருக்கு

மழை பொய்யாதிருக்க, வழிகள் அடைபடாதிருக்க. கருங்குன்ற நாட்டுக் கணவாய்கள் அனைத்துக்கும் உடையவளும், வேங்கைக் கொடியாளும், முடிசூடியோருள் தன் தேரைத் தானே செலுத்தும் ஒருத்தியுமாகிய உலகுடைநங்கை, கடலையே கோட்டையாகக் கொண்ட வெண்மணல் நாட்டு வேந்தரும், முத்துக்குளிப்போர் காவலரும், எம் எல்லைக்கு நல்ல அயலவருமாகிய திரையரையருக்கு எழுதுவிக்கும் ஓலை. உம் துறைகளில் கலங்கள் நிறைக. உம் உப்பளங்களில் வெயில் குறையாதிருக்க. உம் அரண்மனை வாயிலில் நோயும் வழக்கும் நுழையாதிருக்க. இங்கு யாம் நலம். எம் தேரும் நலம்.

உம் தூதர் கொணர்ந்த ஓலையை அவையில் படிக்கக் கேட்டோம். மலையேற்ற விழாவில் உம் சிறு பொறித்தேர் எம் தேருக்குப் பின்தங்கியதும், குன்றின் மேல் அம்மன் கோயிலில் முதல் மரியாதை இவ்வாண்டு எமக்கு வந்ததும் உம் உறக்கத்தைக் கெடுக்கின்றன என்று அதன் வரிகளிலிருந்தே தெரிந்தது. அதற்கு யாம் வருந்தினோம் என்று எழுதினால் அது பொய். மகிழ்ந்தோம். பரிவட்டம் கட்டிய தலையோடு ஊர்வலம் வந்தபோது எம் தலை எம் கழுத்தில் நிற்கவில்லை.

நீவிர் கேட்டது இது. இருவர் மட்டும் அமரும் சிறு தேரில், அதைச் செய்தவன் வைத்துத் தந்த காற்றுப்பெட்டியைக் கழற்றிவிட்டு, கடல் கடந்து வந்த வணிகன் விற்ற பொற்குழலைப் பூட்டியது தகுமா, தகாதா? உம் தேரோட்டி கண்டன் சாத்தி, குழல்தான் தேரைக் கெடுத்தது என்கிறாள். வணிகனோ, குழலில் குற்றமில்லை, ஓட்டிய கையில்தான் குற்றம் என்கிறான். தோற்ற தேரோட்டி, தேரைத் திருப்பும் தன் கைச்சக்கரத்தைக் கழற்றி வென்றவரிடம் ஒப்படைத்துவிட்டு, அதன் பின் ஆயுள் முழுதும் தேர் தொடலாகாது என்பது இரு நாட்டுக்கும் பொதுவான மரபு. அதன்படி சாத்தியும் அன்றே ஒப்படைத்துவிட்டாள். இனி அவளை உப்பளத்துக்கு அனுப்புவதா, வணிகனைக் கப்பலேற்றுவதா என்று தீர்மானிக்க, அத்தகைய தேரை நாள்தோறும் ஓட்டும் எம் சொல்லை நாடியிருக்கிறீர். நாடவேண்டிய இடத்தைத்தான் நாடினீர்.

அந்த வணிகன் உம்மிடம் வருமுன் எம்மிடம் வந்தான். பொறி என்பது எண்ணெயைக் குடித்துக் காற்றை உண்டு ஓடுவது. செய்தவன் வைத்த பெட்டி அதன் மூக்கில் துணியைக் கட்டிவிடுகிறது. இக்குழலைப் பூட்டினால் அது வாய்திறந்து உண்டு இருமடங்கு ஓடும் என்று தேனொழுகப் பேசினான். யாமும் வாங்கினோம். பூட்டிய அன்று எம் தேர் போட்ட முழக்கத்தை என்னவென்று சொல்வது. எம் சிட்டுப்போன்ற தேருக்குள் அப்படியொரு குரல் இருந்ததா என்று எமக்கே மெய்சிலிர்த்தது. மாடத்தில் நின்ற மக்கள், அரசியின் தேர் பறக்கிறது என்றார்கள். யாமும் பறப்பதாகவே எண்ணினோம்.

பிறகு எம் அமைச்சர் மாறன் கூத்தனாரைப் பழைய பெட்டி பூட்டிய மற்றொரு தேரில் ஏற்றி, எம்மோடு ஓட்டச் சொன்னோம். கூத்தனார் எத்தகைய ஓட்டி என்பதை நீவிர் அறியமாட்டீர். ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு தெய்வத்தை வேண்டிக்கொள்பவர்; எதிரே ஆடு வந்தால் ஆட்டுக்கு வழிவிட்டு நிற்பவர். விடியற்குளிரில், சமவெளியின் நேர்ச்சாலையில் யாம் அவரைவிடச் சற்றே முந்தினோம். அதுவும் ஒரு வண்டியின் நீளம் இருக்காது. வெயிலேறி, மலைச்சாலை தொடங்கி, திருப்பங்களில் தேர் மெல்ல ஊர்ந்து ஊர்ந்து ஏறவேண்டிய இடத்திலோ, எம் தேர் முழங்கியதே தவிர இழுக்கவில்லை. கடைசி ஏற்றத்தில் கூத்தனார் கண்ணை மூடாத குறையாக எம்மைக் கடந்து சென்றார். மேலே போய் இறங்கியதும், அரசியை முந்திய குற்றத்துக்காக முறைப்படி மன்னிப்பும் வேண்டினார். அந்த மன்னிப்பு எம்மை எவ்வளவு எரித்தது என்பதை நீவிரே ஊகித்துக்கொள்க.

உடனே மூடியைத் திறந்து பார்த்தோம். குழலைத் தொட்ட விரல் சுட்டது. பழைய பெட்டி தேரின் முகப்பிலிருந்து, வெளியே வீசும் குளிர்காற்றை இழுக்கிறது. இக்குழலோ பொறியின் பக்கத்திலேயே உட்கார்ந்து, பொறி கக்கும் வெப்பத்தையே திரும்பவும் உண்கிறது. சூடேறிய காற்றில் பொறிக்குச் சாரம் குறைவு. போதாததற்கு, அதன் வடிதுணி வழியே புழுதியும் உள்ளே நுழைந்திருந்தது. மூக்கில் துணி என்று வணிகன் இகழ்ந்தானே, அந்தத் துணியைக் கட்டியவன் அறிந்தே கட்டியிருக்கிறான். அன்றே குழலைக் கழற்றிப் பழைய பெட்டியையே மீண்டும் பூட்டினோம்; விழாவிலும் அதோடுதான் ஓடினோம்.

ஆகவே எம் தீர்ப்பைக் கேளும். முழக்கம் வேண்டுமென்றால் குழல் தகும். அந்த முழக்கம் இன்பம்தான், அதை யாம் மறுக்கவில்லை. வேகம் வேண்டுமென்றால் தகாது. குழலை விடவே மனமில்லை என்றால், அதைச் சுற்றி வெப்பம் புகாத கூடு அடைத்து, முகப்பிலிருந்து காற்றுக்குத் தனிவழி அமைத்துக்கொள்க. நேர்ச்சாலையில் சிறிது பயன் தரும். அதைவிட, சக்கரங்களின் தோலையும் தடைக்கட்டைகளையும் முதலில் மாற்றுக. விழாவன்று இரண்டாம் திருப்பத்தில் உம் தேர் வழுக்கியதை யாமே கண்டோம். வழுக்கிய தேரை அடுத்த நொடியே நேராக்கினாளே, அந்தக் கையில் குற்றம் என்று சொன்ன வணிகனின் நாக்கில்தான் குற்றம்.

நீவிர் கேட்டதற்கு மறுமொழி இவ்வளவே. கேளாத ஒன்றையும் இனி உரைக்கவேண்டியிருக்கிறது.

உம் ஓலை வந்த மறுநாள், எம் வெற்றியை மேலிருந்து ஒருமுறை சுவைக்கும் ஆசையில் குன்றேறினோம். எம் தேரைக் கீழிருந்து ஓட்டிவரும்படி காவலன் ஒருவனைப் பணித்துவிட்டு, யாம் கோயில் மதிலோரம் நின்றோம். விழாவில் தேர்கள் ஒவ்வொன்றாகத் தனித்தனியே ஏற, அவை ஏறும் நேரத்தை அளக்கும் நாழிகை வட்டிலைக் காக்கும் முதியவர், எவர் தேர் வருகிறதென்று கண்டு ஓரவஞ்சனை செய்யாதிருக்க, மலைச்சாலைப் பக்கம் சுவர் அடைத்த மண்டபத்துக்குள் இருப்பார் என்பதை அறிவீர். தேரின் ஓசை காதில் விழுந்ததும் அவர் வட்டிலை நீரில் இடுவார். தேர் வாயிலைத் தொட்டதும் எடுப்பார். குதிரைத்தேர் ஓடிய காலத்தில் எல்லாத் தேரிலும் ஒரே அளவு மணி கட்டியிருந்தார்கள். ஆகவே அது நேர்மையான முறையாக இருந்தது. பொறித்தேர் வந்தபின் மணியை அவிழ்த்துவிட்டோம். முறையை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டோம்.

அடிவாரத்தில் எம் தேர் புறப்பட்டதை மதிலோரமிருந்து கண்ணால் கண்டோம். மண்டபத்துக்குள் முதியவர் வட்டிலைக் கையில் ஏந்தியபடி அசையாமல் இருந்தார். தேர் முதல் திருப்பத்தைக் கடந்தது, இரண்டாவதையும் கடந்தது. பாதிமலை ஏறிய பின்னரே அதன் மெல்லிய ஓசை அவர் காதை எட்டியது. அப்போதுதான் வட்டில் நீரைத் தொட்டது. விழாவன்றும் இப்படித்தானோ என்று கேட்டோம். ஆம் என்றும், வெண்மணல் தேரின் முழக்கமோ புறப்பட்ட கணமே மண்டபத்தை அதிர வைத்தது என்றும், தாம் கேட்டதைக் கேட்டபடியே செய்ததாகவும் அவர் பணிந்து உரைத்தார். அவர்மேல் பிழையில்லை.

உம் சாத்தியின் தேருக்கு முழு மலையும் அளக்கப்பட்டது. எம் தேருக்குப் பாதி மலைதான் அளக்கப்பட்டது. முழு மலையையும் அளந்திருந்தாலும் யாமே வென்றிருப்போம் என்று எம் நெஞ்சம் இப்போதும் அடித்துச் சொல்கிறது. ஆனால் எம் நெஞ்சம் எம் பக்கம் பேசுவதில் வியப்பென்ன? எவர் முந்தியவர் என்பது இன்று எவருக்கும் தெரியாது.

கூத்தனார் இதை ஓலையில் ஏற்றவேண்டாம் என்றார். மரபின்படி அளந்தாயிற்று, எவரும் பொய் சொல்லவில்லை, அம்மன் முன் அறிவித்ததைக் கலைத்தால் நாட்டுக்கு இழுக்கு என்று நயமாகவே எடுத்துரைத்தார். அவருக்கு யாம் சொன்னதை உமக்கும் சொல்கிறோம். கருங்குன்றத்தார் மலையில் பிறந்தவர்கள். மலையைப் பாதி ஏறிவிட்டு முழுதும் ஏறினோம் என்று சொல்லிக்கொள்ளும் வழக்கம் எம் குடியில் இல்லை. இரக்கத்தினால் இதைச் செய்வதாக நீவிர் எண்ணவேண்டாம். எம் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த சாத்தியின் கைச்சக்கரத்தைப் பார்த்தபடி உணவுண்பது அன்றுவரை இனித்தது. அதன்பின் ஒரு கவளமும் இறங்கவில்லை. அவ்வளவுதான்.

ஆதலால் யாம் பிறப்பிக்கும் ஆணைகள் வருமாறு. முதல் மரியாதைப் பரிவட்டம் எவர் தலைக்கும் இன்றி அம்மன் காலடியிலேயே இருக்கட்டும். வரும் பங்குனி உத்திரத்தன்று இரு தேரும் மீண்டும் மலையேறட்டும். மண்டபச் சுவரை இடித்து, அடிவாரத்துக் கொடி இறங்குவதைக் கண்ணால் கண்டு வட்டிலை இட, நாட்டுக்கு ஒருவராக இருவர் அமரட்டும். உம் தேர் பழைய பெட்டியோடு வரவேண்டும். தன் வெப்பத்தைத் தானே உண்டு மூச்சுமுட்டும் தேரை வெல்வதில் எமக்குப் பெருமையில்லை. வணிகனைக் கப்பலேற்றுவதும் விடுவதும் உம் விருப்பம். இவ்வோலையோடு வரும் எம் குழலையும் அவனிடமே சேர்ப்பித்துவிடுக.

சாத்தியின் கைச்சக்கரம் பட்டில் பொதிந்து இவ்வோலையோடு வருகிறது. அதைக் கொணர்வோரை எம் எல்லைக் காவலர் எவரும் நிறுத்தலாகாது. இவ்வோலையை உம் அவையில், சாத்தியை முன்னே நிறுத்தி, அவள் கேட்க உரக்கப் படிப்பிக்க வேண்டுகிறோம். அவளுக்கு எம் சொல் இது: உத்திரத்தன்று அவள் தோற்றால் இதே சக்கரத்தை மீண்டும் எம் சுவரில் மாட்டுவோம், அதன்பின் திருப்பித் தருவதென்ற பேச்சே இல்லை. அவள் வென்றால், இச்சிறு தேரைத் தவிர உலகில் வேறெதிலும் மனம் ஒட்டாத யாம், எம் கைச்சக்கரத்தை எம் கையாலேயே கழற்றித் தருவோம். மன்னரே, அது உம் கைக்கு வராது. சாத்தியின் கைக்கே போகும்.

எம் நாவால் உரைத்து, எம் எதிரில் எழுதுவித்து, எம் விரலாலேயே வேங்கை முத்திரை இட்டோம். இதில் ஒரு சொல்லும் மாறாது.

உலகுடைநங்கை