தாஸண்ணனின் புது போன்

செவ்வாய்க்கிழமை, இரவு.

எழுதவே கை கூசுகிறது.

சாயங்காலம் தாஸண்ணன் என் கடைக்கு வந்தார். நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் பாறை துளைத்தவர். அந்தச் சத்தத்தில் இரண்டு காதும் போய்விட்டன. தினமும் வந்து என் ஸ்டூலில் உட்காருவார். அவர் எதிரிலேயே அவரைப் பற்றிப் பேசுவது எங்களுக்குப் பழக்கம்.

இன்று ஒரு புது போனைக் கல்லாப்பெட்டி மேல் வைத்தார். நாம் பேசுவதை அது தமிழில் எழுதிக் காட்டுமாம். பெங்களூரில் இருக்கும் மகள் வாங்கிக் கொடுத்தாளாம்.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஏஐ அது பண்ணும், இது பண்ணும் என்று பேப்பரில் எது வந்தாலும் உரக்கப் படித்துக் கிண்டல் செய்பவன் நான். பஜாருக்கே தெரியும். பக்கத்துக் கடை முருகேசனிடம் சொன்னேன்: "எல்லாம் டூப்புப்பா. நம்ம பேச்சு அதுக்கு இன்னா புரியும்? இந்தச் செவிடன் தலையில நல்லா கட்டிட்டானுங்க. தெனம் வந்து குந்திக்கினு உசுர வாங்குறான், இனிமே இத வேற தூக்கினு வருவான்."

முருகேசன் சிரித்தான். தாஸண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, திரையில் விரல் வைத்து, கடைசி வரி வரைக்கும் படித்தார். பிறகு போனை என் பக்கம் திருப்பினார்.

"சரியாத்தான எழுதுது? நீயே பாரு."

குரலில் கோபமே இல்லை. பார்த்தேன். அங்கங்கே எழுத்து தப்பாக இருந்தது. செவிடன் என்பது சரியாக இருந்தது.

"தப்பு தப்பா எழுதுதுண்ணே, நம்பாதீங்க" என்றேன்.

அதையும் எழுதிக் காட்டியது.