மாதா தேருக்குக் கொடுத்த தோள்

12 மே 1974, ஞாயிறு.

இன்று கோயில் திருவிழா. மாதா தேரைத் தூக்கியவர்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர்.

இவருக்கு முதுகெலும்பில் தட்டு தேய்ந்து நரம்பை அழுத்துகிறது, ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று பாண்டிச்சேரி டாக்டர் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து இவருக்குப் பதிலாக நான்தான் உப்பளத்துக்குப் போகிறேன். கூடை சுமந்து சுமந்து என் உச்சந்தலையில் முடியே இல்லை. அதற்காக ஒருநாளும் இவரைக் குறை சொன்னதில்லை.

தேர் கிளம்பும்போது இவருடைய சிநேகிதர் ஒருவர் எல்லார் முன்னாலும் கேட்டார்: "ஏம்பா, பொண்டாட்டி உப்பு தூக்குறா, நீ மாதாவத் தூக்க மாட்டியா?"

வேண்டாம் என்று தலையாட்டினேன். இவர் என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு தோளைக் கொடுத்தார்.

சுவரைப் பிடித்துக்கொண்டு வீடு வந்தவர் பாயில் சாய்ந்துவிட்டார். இடுப்பிலிருந்து குதிகால் வரை நெருப்பாக இழுக்கிறதாம். கால் கட்டைவிரலைக் கிள்ளினேன். தெரியவில்லை என்றார்.

"யாருக்காகத் தூக்குனீங்க?"

"எல்லாரும் பாத்துக்கினு இருந்தாங்க."

"நான் உப்பு தூக்குறதையும்தான் எல்லாரும் பாக்குறாங்க."

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம். நாளைக்கு யாராச்சும் கேட்டா காய்ச்சல்னு சொல்லிடு."

இந்த வலியிலும் இவருக்கு அதுதான் கவலை. பொய் சொல்ல மாட்டேன் என்று இங்கே எழுதிக்கொள்கிறேன். ஆனால் காலையில் உப்பளத்தில் கேட்டால், காய்ச்சல் என்றுதான் சொல்வேன்.